ஏழாம் இலக்கத்தில் இருந்தவர்

சென்ற மாதம் லண்டனின் செவன் கிங்ஸ் பக்கமிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். பெயர் அபிரா. நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த அதே அலுவலகத்தில், அதே நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். நாற்காலியின் இடது கை இன்னும் ஆடுகிறதா என்று கேட்டேன். ஆடுகிறதாம். மற்றதெல்லாம் மாறிவிட்டது என்றாள்.

“அங்கிள், பேப்பர் ஃபோம் எல்லாத்தையும் ஸ்டொப் பண்ணப்போறம். இனி எல்லாம் போனிலதான். அந்த மூண்டாவது கொலம் மட்டும் ஏன் அவ்வளவு பெருசு? ஆரைக் கேட்டது, எத்தினை மணிக்குக் கேட்டது, அவை சொன்னது என்ன எண்டு ஒரு சொல்லும் மாறாமல் எழுதோணுமாம். ஹூ டிட் திஸ், அங்கிள்?”

“எழுதி அனுப்பிறன் பிள்ளை” என்றேன். அவள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள். தாய்தான் இதை வாசித்துக் காட்ட வேண்டும். தாய்க்கும் சேர்த்து விளங்கும்படி எழுதுகிறேன்.

முதலில் நான் பார்த்த வேலை என்ன என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அதை இந்த லண்டனில் இன்றுவரை யாருக்கும் ஒரே தடவையில் விளங்கப்படுத்த என்னால் முடிந்ததில்லை. ஒரு சின்ன ஊர் தன் பழைய தேவாலயம், சந்தை, கிணறு, பெரிய மனிதர் ஒருவரின் வீடு என்று பத்துப் பன்னிரண்டு இடங்களைக் கோர்த்து, வருகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் நடந்து பார்க்க ஒரு மரபு நடைவழி போடும். அந்த இடங்களில் வைக்கிற தகடுகளையும், கையில் கொண்டுபோகிற வரைபடத்தையும் எங்கள் அலுவலகம் செய்துகொடுக்கும். அதற்கு முன்னும் பின்னும் யாராவது ஒருவர் தாளும் பென்சிலுமாக அந்த வழியை நடந்து, எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

ஹரோவில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனால் ஒரு மேசையில் இரண்டு டொக்டர், மூன்று எக்கவுண்டன், ஒரு எஞ்சினியர் இருப்பார்கள். என் மனைவியிடம் யாராவது “உங்கட அவர் என்ன செய்யிறார்?” என்று கேட்டால், “நடக்கிறார்” என்பாள். சுகர் வருத்தக்காரன் என்று நினைத்து எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லி எனக்கு எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு நான் படித்து வரவில்லை. லண்டனுக்கு வந்து பெற்றோல் செட், பிறகு ஒரு பேக்கரி, பிறகு இந்த அலுவலகத்தில் வரைபடங்களை மடித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஒரு நாள் வட லண்டன் நடைவழி ஒன்றின் வரைபடம் வந்தது. ஆர்ச்வேயில் இடது பக்கம் திரும்பினால் பழைய கல்லறைத் தோட்டம் வரும் என்று அதில் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் நான் அந்த வழியால் போகிறவன். இடது பக்கம் திரும்பினால் எங்கள் முருகன் கோயில் வரும். இரண்டாயிரம் தாளை மடித்த பிறகு மனம் கேட்காமல் மேலாளரின் அறைக் கதவைத் தட்டினேன்.

அவர் பெயர் மிஸஸ் ஹார்ட்வெல். என்னைவிட ஆறு வயது குறைவு. ஒட்டகம் மாதிரி உயரம், ஆப்பிளை விதையோடு சேர்த்துச் சாப்பிடுகிற பழக்கம். நான் சொன்னதைக் கேட்டார். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அப்போதே ஆர்ச்வே போனார். இடது பக்கம் திரும்பினார். கோயில் வாசலில் நின்று தாளையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கல்லறை தெரியவில்லை” என்றார். உள்ளே போய் விபூதியும் பொங்கல் புக்கையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அடுத்த திங்கட்கிழமை எனக்குப் புது வேலைக்கான நேர்முகம்.

அந்த நேர்முகத்தில் நடந்த ஒன்றுதான் பின்னால் என்னை மாட்டிவிட்டது. எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டார். “ஐ ஆம் ஸ்டேயிங் இன் ஹரோ” என்றேன். நண்பர்களோடா என்று கேட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு என்றேன். எவ்வளவு காலத்துக்கு என்றார். பதினொரு வருடமாக என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு மிகப் பணிவாக விளக்கினார். ஸ்டே என்றால் தங்குவது, ஹோட்டலில், நண்பர் வீட்டில். வீடு வாசலோடு இருப்பதற்கு லிவ் என்று சொல்ல வேண்டும். “தயவுசெய்து இதை வேறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலையே சொல்லில்தான் இருக்கிறது.”

எங்கள் தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. எங்கை இருக்கிறியள் என்று கேட்டால் வீடு எங்கே என்றுதான் பொருள். அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்துவிட்டு எங்கள் ஆட்கள் முழுப்பேரும் ஸ்டே பண்ணிக்கொண்டிருந்தோம். நான் அன்றைக்கே திருந்தினேன். திருந்தினவன் சும்மா இருக்கவில்லை. வீட்டில், கோயிலில், பஸ்ஸில் என்று அந்தச் சொல்லுக்குப் பொலிஸ்காரனாகிவிட்டேன். மனைவி ஒரு நாள் பொறுமையிழந்து, “அப்ப நாங்கள் இந்தப் பதினொரு வருசமும் ஹோட்டலிலையோ இருந்தனாங்கள்?” என்று கேட்டாள்.

மிஸஸ் ஹார்ட்வெலின் முறைகள் இவை. ஒரு வழியை மூன்று தரம் நடக்க வேண்டும். முதல் தரம் ஒன்றாம் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம்வரை. இரண்டாம் தரம் கடைசியிலிருந்து திரும்பி, ஏனென்றால் பாதிப்பேர் பஸ்ஸிலிருந்து பிழையான முனையில்தான் இறங்குவார்கள். மூன்றாம் தரம் ஒரு கையில் ஐஸ்கிரீமோடு. ஒரு கை ஓய்வில்லாத மனிதனால் வரைபடத்தை விரிக்க முடிகிறதா என்று பார்க்கவாம். தை மாதத்துக் குளிரில் ஐஸ்கிரீம் கேட்டு நான் தட்டிய கடைகளில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரியாது. கடையை அடையாளமாகச் சொல்லக் கூடாது, கடை மூடிவிடும். மரத்தைச் சொல்லக் கூடாது, வெட்டிவிடுவார்கள். ‘பப்’பைச் சொல்லலாம், அது எங்கும் போகாது. ‘கிட்ட’ என்ற சொல்லே ஆகாது. இந்தா கிட்டத்தான் என்று சொல்லி மனிதரை இரண்டு மைல் நடக்கவிடுகிற ஊரிலிருந்து வந்த எனக்கு அதை விடத்தான் கனகாலம் எடுத்தது.

நடந்து முடிந்ததும் ஒரு தாள். அதில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் நேரே மூன்று கட்டம்: நடந்தேன், பார்த்தேன், கேட்டேன். மூன்றாவதுதான் முக்கியம். ஊரார் எழுதி அனுப்பிய ஒரு சொல்லை மாற்றுவதென்றால் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கேட்டால் ஒரு சரி அடையாளம். அந்தக் காலத்தில் அவ்வளவுதான், சின்னக் கட்டம்.

மிஸஸ் ஹார்ட்வெல் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. அவருடைய கோபத்தை ‘தயவுசெய்து’வை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வசனத்தில் ஒன்று வந்தால் வழக்கம். இரண்டு வந்தால் ஏதோ பிழை. மூன்று வந்த அன்று ஒருவர் வேலையை விட்டே போனார்.

இப்போது அந்த ஊருக்கு வருகிறேன். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகப் பட்டினம். பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இன்னும் என் முகத்தை நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட நடைவழி. வழியை அளக்க முதன்முதலில் போனபோதே ஒரு கூத்து நடந்தது. வீடுகளுக்கு இடையே அருமையான ஒழுங்கைகள், ஒவ்வொன்றின் வாசலிலும் ‘குளோஸ்’ என்று முடிகிற பெயர்ப்பலகை. எல்லா ஒழுங்கையும் மூடியிருக்கிறதென்று நினைத்து நான் ஊரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அங்கே ஒழுங்கைக்குப் பெயரே அதுதான் என்று ஒரு தபால்காரர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

பன்னிரண்டில் பதினொன்று பெரிய மனிதர்களின் இடங்கள். கப்பல்காரர், உப்பு வியாபாரி, பாதிரியார். ஏழாம் இலக்கம் மட்டும் ஒரு மீன்காரி. ஜீன் என்று பெயர். முதுகில் கூடை சுமந்து, உள்நாட்டுப் பண்ணைகளுக்கு நாளுக்குப் பத்து மைல் நடந்து மீன் விற்றவர். ஊர்க்குழுவினர் எழுதி அனுப்பிய வாசகம் இரண்டே வரி. இந்த வீடு ஒரு காலத்தில் பயணிகள் விடுதியாக இருந்தது. மீன் விற்ற ஜீன் இங்கே ஸ்டே பண்ணினார்.

லண்டனில் என் மேசையில் அதை வாசித்ததும் எனக்குள் இருந்த பொலிஸ்காரன் எழுந்துவிட்டான். விடுதி. ஸ்டே. பொருள் தெளிவு. ஆனால் வசனம் மொட்டையாக இருக்கிறதே என்று பட்டது. சிவப்புப் பென்சிலை எடுத்து, ‘மீன் விற்ற ஜீன் இங்கே விருந்தினராகத் தங்கிச் சென்றார்’ என்று அழகாக்கினேன். அழகாக்கிய மகிழ்ச்சியில் ஒரு பிளேன்ரீயும் குடித்தேன்.

அடுத்தது ஊர்க்குழுச் செயலாளரைக் கேட்பது. மிஸ்டர் கிரெய்க் என்று ஒருவர், ஓய்வுபெற்ற இரும்புக்கடைக்காரர். தொலைபேசியில் அவர் பேசினால் மூன்றில் ஒரு சொல்தான் எனக்குப் பிடிபடும். முந்திய வாரம் அவர் கேட்ட ஏதோ ஒன்றுக்கு நான் ஓம் ஓம் என்று சொல்லி, அது துறைமுகத் தகட்டைப் பச்சை நிறத்தில் செய்யவா என்ற கேள்வியாக இருந்து, பெரிய கரைச்சலாகிவிட்டது. இன்னொரு தரம் அவருக்குப் போன் அடிக்க எனக்கு வெட்கம். ரிசீவரைத் தூக்கினேன், வைத்தேன். ‘கேட்டேன்’ என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டேன். என் வேலைக் காலத்தில் நான் போட்ட ஒரே பொய் அது.

கடைசிப் பிரதி ஊர்க்குழுவுக்கும் போனது. குழுவில் எட்டுப் பேர். அவரவர் தங்கள் பூட்டனின் வரியை மட்டும் கண்ணாடி போட்டு வாசித்திருக்கிறார்கள். ஏழாம் இலக்கத்தில் யாருக்கும் பூட்டன் இல்லை. மிஸ்டர் கிரெய்க் கீழே கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினார். வாசகம் உலோகத் தகட்டில் வார்க்கப்பட்டது.

சனிக்கிழமை திறப்பு. வியாழக்கிழமை மத்தியானம் கடைசி நடைக்காக நான் போய் இறங்கினேன். ஒன்றிலிருந்து ஆறுவரை ஒரு குறையும் இல்லை. ஏழாம் இலக்கத்தில் தகட்டுக்கு முன்னால் ஒரு வயோதிபப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் எல்ஸ்பெத், ஜீனின் மகள், அந்த வீட்டிலேயே இருப்பவர் என்று பின்னால் தெரிந்தது. ஒன்று சொல்ல வேண்டும். மிஸஸ் ஹார்ட்வெலின் பேச்சை எழுத்துத் தமிழில் எழுத என் கை போகிறது. ஸ்கொட்லாந்துக்காரரின் பேச்சு எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது. அப்படியே விடுகிறேன்.

“தகடு போட்ட ஆக்களோ?”

“ஓம், லண்டனிலையிருந்து வாறன்.”

“எங்கை ஸ்டே பண்ணுறாய்?”

துறைமுகத்துக்குப் பக்கத்து விடுதியின் பெயரைச் சொன்னேன்.

“அதை ஆர் கேட்டது, தம்பி? உன்ர வீடு எங்கை எண்டெல்லோ கேக்கிறன். எங்கை ஸ்டே பண்ணுறாய்?”

ஒரு கணம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் பிடிபட்டது. ஸ்கொட்லாந்தில் ஸ்டே என்றால் இருப்பது. எங்கள் ஆட்கள் சொல்கிற அதே இருப்பது. நான் பதினொரு வருடம் ஹரோவில் ஸ்டே பண்ணியதுபோலத்தான் ஜீனும் இந்த வீட்டில் ஸ்டே பண்ணியிருக்கிறார். என்னைத் திருத்தியதை எல்லாம் நான் அந்த மனுசி மேல் போட்டுத் திருத்தியிருக்கிறேன்.

எல்ஸ்பெத் என்னை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தார். இரண்டு அறை. தாய் கலியாணம் செய்து வந்தது அந்த இரண்டு அறைக்குத்தான், செத்ததும் அங்கேதான், இடையில் அறுபத்தொரு வருடம். விடுதியெல்லாம் தாய் பிறக்க முன்னமே மூடியாயிற்று.

“அம்மா அடுத்த துறையாள். ஒன்பது மைல். அதுக்கு இந்த ஊர் அவவைச் சாகுமட்டும் வந்தவள் எண்டுதான் சொன்னது. கிரெய்க்கின்ர தாய் தங்கட கடையிலை நிண்டு கொண்டு, வந்தவளுக்குப் பிறகு நிறுக்கலாம், ஊராக்களை முதல் அனுப்பு எண்டு சொல்லுவா. நான் சின்னப்பிள்ளை, பக்கத்திலை நிக்கிறன்.”

எங்கள் ஊரிலும் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. வந்தான் வரத்தான். சொல்லும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு சொல்வார்கள்.

“இப்ப மகன்காரன் அதை இரும்பிலை எழுதி வைச்சிட்டான். விருந்தாளியாம். தங்கிட்டுப் போனவவாம்.” எல்ஸ்பெத் ஒரு தாளைக் காட்டினார். கடைசிப் பிரதியின் நகல், கீழே கிரெய்க்கின் கையெழுத்து. “சனிக்கிழமை எல்லாரும் கூடி நிக்கேக்கை இதை நான் வாசிக்கப்போறன். அவன்ர முகத்துக்கு நேரை.”

நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. “ஒபிசிலை விசாரிச்சுப் பாக்கிறன்” என்று சொன்னேன். தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஐம்பத்து மூன்று வயது மனிதன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், களவெடுத்த பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி நழுவினேன்.

எட்டிலிருந்து பன்னிரண்டுவரை நடந்தேன். என்ன பார்த்தேன் என்று எனக்கே தெரியாது, தாளில் ஒரு அடையாளமும் போடவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எவ்வளவு காலம் தங்கப்போகிறாய் என்று என்னை எத்தனையோ மேசைகளில் கேட்டிருக்கிறார்கள். விமான நிலையத்தில், உள்துறை அலுவலகத்தில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில்கூட. ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் சுருண்டிருக்கிறேன். அதே கேள்விக்குரிய மறுமொழியை, கேட்காமலே, செத்துப்போன ஒருவருக்காக நான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அது போதாதென்று பழி இன்னொருவன் தலையில் விழப்போகிறது. கிரெய்க்கின் பேச்சு விளங்காததுதான் அவர் எனக்குச் செய்த ஒரே குற்றம். பன்னிரண்டாம் இலக்கத்தில் மழைக்குள் நின்றபடி நான் அழுதேன். மழைக்குள் நின்றபடியால் யாருக்கும் தெரியவில்லை.

முறைப்படி இரண்டாம் நடை தலைகீழாக நடக்க வேண்டும். நடந்தேன். பன்னிரண்டு, பதினொன்று, பத்து. ஏழாம் இலக்கத்தின் கதவைத் தட்டினேன்.

“மிஸ்டர் கிரெய்க் செய்யேல்லை. நான்தான் மாத்தினனான். ஆரையும் கேக்காமல் கேட்டனான் எண்டும் எழுதினனான்.”

எல்ஸ்பெத் கதவில் கையை வைத்தார். “ஏன் கேக்கேல்லை? போன் இல்லையோ?”

“அவர் பேசுறது எனக்கு விளங்கிறேல்லை.”

“அவன் பேசுறது எங்களுக்கும் விளங்கிறேல்லை” என்றார். ஆனால் சிரிக்கவில்லை. “நீயும் வந்தவன்தானே, தம்பி. உனக்குமோ தெரியேல்லை?” கதவை மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விடுதியிலிருந்து மிஸஸ் ஹார்ட்வெலுக்குப் போன் அடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறுபக்கம் ஆப்பிள் கடிக்கிற சத்தம் நின்றது.

“மூன்றாவது கட்டம்?”

“சரி போட்டேன்.”

“காலை ரயிலில் வருகிறேன். அதுவரை எதையும் தொடாதீர்கள்.” ஒரு தயவுசெய்துகூட இல்லை. படுக்க முதல் மனைவிக்கு அடித்து, வேலை போகப்போகிறது என்றேன். அவள், “போனால் போகட்டும், உங்களுக்குத்தான் நடக்கத் தெரியுமே, தபாற்கந்தோரிலை கேப்பம்” என்றாள்.

வெள்ளிக்கிழமை மிஸஸ் ஹார்ட்வெல் வந்து இறங்கினார். நேரே ஏழாம் இலக்கத்துக்குப் போவார் என்று நினைத்தேன். ஒன்றாம் இலக்கத்தில் தொடங்கினார். முன்னால் ஒரு தரம், தலைகீழாக ஒரு தரம், பிறகு என்னை அனுப்பி ஐஸ்கிரீம் வாங்கிவரச் சொல்லி மூன்றாம் தரம். நான் பின்னால் நடந்தேன். முடிந்ததும் எல்ஸ்பெத்தின் வீட்டுக் கதவைத் தட்டி, ஐஸ்கிரீம் கையோடு நின்று, “மன்னிக்க வேண்டும், இந்தப் பிழை என் அலுவலகத்தினுடையது” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. எல்ஸ்பெத் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

புதுத் தகடு வார்க்க மூன்று கிழமை வேண்டும். திறப்போ மறுநாள். சாக்கால் மூடிவைக்கலாமா என்று கேட்டேன். “மூடினால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் மக்கள் படிப்பார்கள்” என்றார் மிஸஸ் ஹார்ட்வெல். பிறகு என் பக்கம் திரும்பி, “நாளைக்கு நீங்கள்தான் தகடு” என்றார்.

எல்ஸ்பெத்தும் அவரும் அடுப்படி மேசையில் இருந்து நான் சொல்ல வேண்டியதை எழுதினார்கள். மூன்று வசனம். எழுதினதை மிஸஸ் ஹார்ட்வெல் எல்ஸ்பெத்திடம் வாசித்துக் காட்டிச் சரியா என்று கேட்டார். லிவ் என்று எழுதியிருந்ததை எல்ஸ்பெத் வெட்டி ஸ்டே என்று போட்டார். மிஸஸ் ஹார்ட்வெல் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைத் திருத்திய நாள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், காது சிவந்தது. “அப்படியானால் ஹரோவிலும் நீங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்” என்று என்னிடம் சொன்னார். அபிரா கேட்ட அந்தப் பெரிய கட்டத்தை அவர் திரும்பிப் போகிற ரயிலில் வரைந்தார். பெயர், நேரம், சொன்ன சொல். நீங்கள் எல்லாரும் இத்தனை வருடம் திட்டித் திட்டி நிரப்பியது என்னால்தான் பிள்ளை.

சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து நான் தகட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொன்னேன். இந்தத் தகட்டில் எழுதியிருப்பது பிழை. பிழை லண்டனில் நான் விட்டது, இந்த ஊரார் விட்டதல்ல. மீன் விற்ற ஜீன் கலியாணம் செய்த நாளிலிருந்து சாகும்வரை இந்த வீட்டில் ஸ்டே பண்ணினார். ஒருவர் என்னைப் படமெடுத்தார். ஒரு குழந்தை என்னைத் தொட்டுப் பார்த்தது. நடைவழிக்குப் போய் நடக்காமல் நான் நின்றது அந்த ஒரு நாள் மட்டும்தான், கால் இரண்டும் விறைத்துப்போயின.

மத்தியானம் மிஸ்டர் கிரெய்க் வந்தார். நேரில் பேசும்போது கைகளும் சேர்ந்து பேசியதால் ஓரளவு விளங்கியது. நான் சொன்ன மூன்று வசனத்தையும் தொப்பியைக் கழற்றிவைத்துக் கேட்டார். வாசற்படியில் எல்ஸ்பெத் நின்றார். இருவரும் பல வருடமாகப் பேசுவதில்லையாம்.

“நான் எண்டோ நினைச்சனி, எல்ஸ்பெத்?”

“ஓம்.”

“நானும் வாசிக்காமல்தான் கையெழுத்து வைச்சனான்” என்றார் கிரெய்க். பிறகு தகட்டைப் பார்த்தபடி, “எங்கட அம்மா இருந்திருந்தா இதைக் காலமை காலமை வந்து மினுக்கியிருப்பா” என்றார்.

எல்ஸ்பெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கையில் வைத்திருந்த நகலை நாலாக மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டார். கிரெய்க் எட்டாம் இலக்கத்துக்குப் போனார்.

நாலு மணிக்கு ஒழுங்கை வெறுமையானது. மிஸஸ் ஹார்ட்வெல் எதிர்ச் சுவரில் சாய்ந்து ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் புறப்படலாமென்று குனிந்து பையை எடுத்தேன். நிமிர்ந்தபோது ஒழுங்கையின் மேல்முனையிலிருந்து எல்ஸ்பெத் வந்துகொண்டிருந்தார். வீட்டிலிருந்து அல்ல, ஆறாம் இலக்கப் பக்கமிருந்து. நல்ல கோட்டு, நல்ல சப்பாத்து, கையில் எங்கள் வரைபடம். ஒன்றாம் இலக்கத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். தன் வீட்டுக்கு முன்னால் வந்து, முன்பின் தெரியாத ஆளைக் கேட்கிறமாதிரி என்னைக் கேட்டார்.

“இஞ்சை ஆர் இருந்தது?”

நான் பையைக் கீழே வைத்தேன். நேராக நின்றேன். அன்று காலையிலிருந்து எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. மூன்று வசனத்தையும் சொன்னேன். சொல்லி முடிந்த பிறகு, எழுதித் தராத ஒன்றும் வாயில் வந்துவிட்டது.

“அவ இந்த ஊராள்.”

எதிர்ச் சுவரில் ஆப்பிள் கடிக்கிற சத்தம் நின்றது. திரும்பவும் ஒருவரையும் கேளாமல் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

“அது தாளிலை இல்லையே” என்றார் எல்ஸ்பெத்.

“இல்லை. நானாச் சொன்னது. வேண்டாமெண்டால் எடுத்துவிடுறன்.”

அவர் தகட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

“அது இருக்கட்டும்” என்றார்.

மிஸஸ் ஹார்ட்வெல் பேனையை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.